தப்பு காய்ச்சும் நேரம்

உபதேசியார் எங்களிடம் ஊழியத்தை ஒப்படைத்துவிட்டுப் போனபோது எனக்கு முப்பத்தைந்து வயது. இரண்டு பிள்ளைகள், ஒரு மாமியார், தினமும் பால் வெட்ட முந்நூறு ரப்பர் மரம். இத்தனைக்கும் மேலே ஒரு சபையையும் தூக்கித் தலையில் வைத்தால் புத்தியுள்ள மனுஷி ஓடிப்போயிருப்பாள். நான் ஓடவில்லை. உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம். வெளியே மட்டும், "என்னால முடியுமாங்க ஐயா" என்று தலையைக் குனிந்துகொண்டேன். அந்தக் குனிவு சுத்த நடிப்பு என்பது என் வீட்டுக்காரருக்குத் தெரியும். மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

தொண்ணூறுகள் முடியப்போகிற காலம் அது. கேகாலையில் பஸ் ஏறி முக்கால் மணி நேரம் வந்து, இறங்கி, இன்னும் அரை மணி நேரம் மேடேறினால் எங்கள் தோட்டம். நான்கு டிவிசன், அதாவது தோட்டத்தின் நான்கு பிரிவு. சுற்றிலும் சிங்களக் கிராமங்கள். எங்களில் ஏறக்குறைய எல்லோரும் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். கிறிஸ்தவர்கள் என்று பார்த்தால் நான்கு டிவிசனிலுமாகச் சேர்த்து ஒரு லொறியில் ஏற்றிவிடலாம்.

உபதேசியார் என்றால் போதகர் இல்லை. போதகர் டவுனில் இருப்பார். மாதம் ஒருமுறை வெள்ளை அங்கியோடு வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் எங்களுக்கு உபதேசியார்தான். காலில் அட்டை ஏறாமலிருக்க முழங்கால்வரை சவுக்காரம் பூசிக்கொண்டு, கறுப்புக் குடையைக் கைத்தடியாக ஊன்றி, நாளுக்கு ஒரு டிவிசன் என்று நடப்பார். வியாதிக்காரர் வீடு, பிள்ளை பெற்ற வீடு, சண்டை நடந்த வீடு, சாவு விழுந்த வீடு எதையும் விடமாட்டார். இருபது வருஷம் அப்படி நடந்து இரண்டு முழங்காலும் போய்விட்டன. மிஷனில் இனி புது உபதேசியார் போடுவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஊழியத்தைத் தோட்டத்து ஆட்களே பார்த்துக்கொள்ள வேண்டும், யாரென்று நீரே தெரிந்தெடும் என்று அவரிடம் விட்டுவிட்டார்கள்.

அவர் தெரிந்தெடுத்தது இரண்டு பேரை. ஒன்று நான். மற்றவர் ரப்பர் ஸ்டோரில் ரப்பர் சீட்டுகளைப் புகைபோட்டு உலர்த்துகிறவர்; சொந்தமில்லை, தம்பி என்று கூப்பிடுவேன். கல்யாணமாகி ஒரு குழந்தைக்குத் தகப்பன், நல்ல குரல், கோபமே வராது. ஒரே ஒரு சிக்கல், பக்கத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடம் இல்லாததால் சிங்களப் பள்ளியில் படித்தவர். தமிழ் பேசுவார், வாசிக்க வராது. வேத பாடத்தை நான் வாசிக்க வாசிக்க, சிங்கள எழுத்தில் கொப்பியில் எழுதிக்கொண்டு போய் கம்பீரமாக வாசிப்பார். அவர் பிரசங்கம் என்னுடையதைவிட நன்றாயிருக்கிறது என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். எழுதிக் கொடுத்தது நான், பேர் வாங்கியது அவர். அந்த எரிச்சல் எனக்குக் கொஞ்ச நாள் இருந்தது, மறைக்க மாட்டேன்.

கடைசி ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உபதேசியார் எங்கள் இருவரையும் முன்னால் முழங்காலில் நிற்கவைத்து, தலையில் கைவைத்து ஜெபித்தார். கோயில் சாவி தம்பிக்கு. எனக்கு ஒரு பழைய கொப்பி. நான்கு டிவிசனிலும் போய்ப் பார்க்கவேண்டிய வீடுகளையெல்லாம் வரிசையாக எழுதியிருந்தார். ஒரு வீட்டுக்கு நேரே, "மூச்சு வாங்கும், சத்தமாய்ப் பாடக்கூடாது" என்றிருக்கும். இன்னொன்றுக்கு நேரே, "மகன் கொழும்பில், கடிதம் வந்ததா என்று கேட்கவும்." கீழ் டிவிசன் பக்கத்தில் மட்டும், "தப்புக்காரர் வீடு, வெற்றிலை ஒரு கட்டு" என்று ஒரு வரி. சாவு வீட்டில் தப்பு மேளம் அடிக்கிறவருக்கும் நம் சபைக்கும் என்ன சம்பந்தம்? கடைக்குப் போகிற அவசரத்தில் எதையோ குறித்திருக்கிறார் என்று நினைத்து, அந்த வரியைப் பென்சிலால் அடித்தேன்.

பிறகு நான் உபதேசியாராகவே ஆகிவிட்டேன். அவரைப் போலவே நடு வாக்கியத்தில் நிறுத்தி ஜனங்களைப் பார்ப்பேன். அவரைப் போலவே பிரசங்கத்துக்கு முன்னால் மூன்று தரம் செருமுவேன். "அவருக்கு ஆஸ்துமா புள்ள. ஒனக்கு என்னா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் அன்று அவருக்குச் சோறு போட்டுக் கொடுக்கவில்லை.

உபதேசியார் திடப்படுத்தல் வகுப்பில் எங்களுக்குச் சில சட்டங்கள் சொல்லிக்கொடுத்திருந்தார். அதில் ஒன்று, தப்பு அடிக்கிற இடத்தில் ஜெபம் இல்லை என்பது. எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்குத் தப்பு மேளம் வராமலிருக்காது. ஆனால் நான் இருந்த மேல் டிவிசனில் கிறிஸ்தவக் குடும்பங்கள் முழுக்க முழுக்கக் கிறிஸ்தவக் குடும்பங்கள். அங்கே சாவு விழுந்தால் பாட்டும் ஜெபமும்தான், மேளம் கிடையாது. பாதி வேதம், பாதி மாரியம்மன் என்று கலந்திருந்தது கீழ் டிவிசனில். அங்கே சாவு விழுந்தால் அந்த டிவிசனுக்குத்தான் வேலை நிற்கும். நாங்கள் மரத்தடியில் கத்தியோடு நிற்போம். உபதேசியார் தனியாகக் குடையை ஊன்றிக்கொண்டு இறங்கிப் போவார். அங்கே அவர் என்ன செய்தார் என்று நாங்கள் ஒருநாளும் பார்த்ததில்லை. கேட்டதும் இல்லை.

கீழ் டிவிசனில் ஓர் அக்கா இருந்தார். எங்கள் சபையில் ஞானஸ்நானம் பெற்று, சாமி கும்பிடுகிற வீட்டில் வாழ்க்கைப்பட்டவர். ஞாயிற்றுக்கிழமை வேலையெல்லாம் முடித்து, மாமியாருக்குச் சோறு போட்டு வைத்துவிட்டு, அவ்வளவு மேட்டையும் ஏறிக் கோயிலுக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார். நெஞ்சில் வால்வு கோளாறு. ஏறிவந்த மூச்சு அடங்குவதற்குள் பிரசங்கம் முடிந்துவிடும். கொப்பியில் "சத்தமாய்ப் பாடக்கூடாது" என்று எழுதியிருந்தது இவருக்குத்தான்.

படுக்கையில் விழுந்த பிறகு வாரம் ஒருமுறை போய்ப் பார்த்தேன். ஒருநாள் என் கையை இழுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு சொன்னார்.

"நான் போனா நீ வந்து ஜெபம் பண்ணித்தான் அனுப்பணும். சாமி கும்புடுற வீட்டுல கெடக்கான்னு என்னைய விட்டுறாத."

"நான் இருக்கேன்ல அக்கா. விடுவேனா?"

அப்படித்தான் சொன்னேன். கையை அழுத்திச் சொன்னேன்.

அடைமழை மாதத்தில் அவர் போய்விட்டார். மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது, அதனால் எங்கள் டிவிசனிலும் அன்று வேலை இல்லை. செய்தி வந்ததும் தம்பியும் நானும் வேதப்புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு இறங்கினோம். பாதி வழியிலேயே தப்புச் சத்தம் கேட்டது. உபதேசியாரின் சட்டம், உபதேசியார் போன பிறகு, என் கையில் வந்து நிற்கிறது. இன்றைக்கு நான் விட்டுக்கொடுத்தால் இனி யார் மதிப்பார்கள்? அக்காவைப் பற்றி நான் அப்போது நினைக்கவில்லை. என்னைப் பற்றித்தான் நினைத்தேன்.

அவர்கள் குடியிருந்த லயத்துக்கு, அந்த வரிசை வீடுகளுக்கு, முன்னால் தகரக் கூரை போட்டிருந்தார்கள். அக்காவின் புருஷன் என்னைக் கண்டதும் எழுந்து வந்தார்.

"வாங்க தங்கச்சி. ஒங்களத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம்."

"அண்ணே, தப்ப நிப்பாட்டச் சொல்லுங்க. காடு போய்ச் சேர்ற வரைக்கும் அடிக்கக்கூடாது. அப்பத்தான் நாங்க ஜெபம் பண்ணுவோம்."

அந்த மனுஷன் உள்ளே தன் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அம்மா ஒத்துக்கமாட்டாங்க தங்கச்சி. எங்க வீட்டுலேருந்து தப்பு இல்லாம ஒரு பொணமும் போனதில்ல. நான் என்னாத்தச் செய்ய?"

"அப்படின்னா எங்களால முடியாதுங்க."

அப்போது மழை வலுத்தது. தப்புக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டு ஓரமாய் ஒதுங்கி, காய்ந்த தென்னோலையைப் போட்டு நெருப்பு மூட்டினார்கள். அவர்களில் மூத்தவர் தப்பை நெருப்புக்கு எதிரே சாய்த்து வைத்துவிட்டு நிமிர்ந்து என்னையே பார்த்தார். தலையை ஒருமாதிரி அசைக்கவும் செய்தார். தன்னுடைய மேளத்தை நிறுத்த வந்தவளை முறைக்கிறார் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அக்காவின் மகள் வந்து என் சேலையைப் பிடித்தாள். பதினைந்து வயதுப் பிள்ளை, அழுது முகம் வீங்கியிருந்தது. "அத்தை, அம்மா ஒங்களத்தானே வரச் சொன்னாங்க."

"ஒங்க அப்பாகிட்ட சொல்லும்மா" என்று அவள் கையை எடுத்துவிட்டு நடந்தேன்.

மேடேறும்போது மறுபடியும் தப்புச் சத்தம் வந்தது. தம்பி இரண்டு தரம் நின்று திரும்பிப் பார்த்தார். "அக்கா, நாம செஞ்சது ஹரியா?" என்று கேட்டார். அவர் சந்தேகத்தில் இருக்கும்போதெல்லாம் சிங்களம்தான் முதலில் வரும்.

"ஹரிதான். வாங்க" என்றேன். வீட்டுக்கு வந்து உபதேசியாருக்காக நன்றி சொல்லி ஜெபம்கூடப் பண்ணினேன். எவ்வளவு பெரிய மடச்சி நான்.

ஒரு வாரம் போயிருக்கும். பால் நிறுக்கிற கொட்டகையில் வாளியை இறக்கிவிட்டுத் திரும்பினால், அந்த மூத்த தப்புக்காரர் வெளியே நின்றுகொண்டிருந்தார். அவர்களை யாரும் வீட்டுக்குள் கூப்பிடாத காலம் அது. அந்தப் பழக்கத்தில் அவர் ரோட்டிலேயே நின்றார்.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கலாமா? கோவிச்சுக்கக்கூடாது."

"கேளுங்கண்ணே."

"அன்னைக்கு நான் தலைய ஆட்டுனேனே, ஏன் நீங்க ஆரம்பிக்கல?"

எனக்கு விளங்கவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். தப்பின் தோல் ஈரத்தில் தொய்ந்துவிடும். எங்கள் ஊர் மழைக்கு அரை மணி நேரத்துக்கு ஒருதரம் நெருப்பில் காய்ச்சியே ஆக வேண்டும். தொய்ந்த தோலை விரலால் சுண்டினால் பொத்தென்று கேட்கும், காய்ந்துவிட்டால் கணீரென்று பேசும். அந்தக் காய்ச்சுகிற நேரம் முழுக்க மேளம் இல்லை. அந்த நேரந்தான் உபதேசியாருடைய நேரம். கீழ் டிவிசனில் நம் ஆட்கள் யார் செத்தாலும் அவர் முதலில் தப்புக்காரர் வீட்டுக்குப் போய், வெற்றிலை வைத்துச் சொல்லிவிட்டுத்தான் சாவு வீட்டுக்குப் போவார். இவர்கள் தப்பைக் காய்ச்சும்போது அவர் பாட்டுப் பாடி, வேதம் வாசித்து, ஜெபம் பண்ணி முடிப்பார். "ஆமென்" என்று கேட்டதும் இவர்கள் தப்பை எடுப்பார்கள். ஒரே வீட்டில் மாமியாருக்குத் தப்பு, மருமகளுக்கு ஜெபம். இது பேசிவைத்த ஏற்பாடு என்று சாவு வீட்டாருக்குக்கூடத் தெரியாது; இருபது வருஷமாக ஒரு சண்டை வந்ததில்லை.

"நீங்க ரெண்டு பேரும் அவருகிட்ட படிச்ச ஆளுங்க. தெரியாம இருக்கும்னு நான் நெனைக்கல தங்கச்சி. எங்களோட சேந்து நிக்கப் பிடிக்கலையோன்னு நெனைச்சேன்."

நான் அந்த ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். வெட்கமா துக்கமா என்று பிரிக்க முடியாத அழுகை. வீட்டுக்குப் போய்க் கொப்பியை எடுத்தேன். நான் பென்சிலால் அடித்த வரி அப்படியே இருந்தது. தப்புக்காரர் வீடு, வெற்றிலை ஒரு கட்டு.

அழுகை தீர்ந்ததும் கோபம் வந்தது, எல்லாம் உபதேசியார் மேல். அந்தச் சனிக்கிழமையே பஸ் ஏறினேன். அவர் அவிசாவளைப் பக்கம் மகள் வீட்டில் இருந்தார். யுத்த காலம், வழியில் ஒரு செக் பொயிண்டில் எல்லோரையும் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். என் தமிழ்ப் பெயரைப் பார்த்துவிட்டு எங்கே போகிறாய் என்று கேட்ட சிப்பாயிடம், "என் வாத்தியாரோடு சண்டை போடப் போகிறேன்" என்று சிங்களத்தில் சொன்னேன். அவன் சிரித்துவிட்டு அட்டையைத் திருப்பிக் கொடுத்தான்.

உபதேசியார் முழங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு கட்டிலில் இருந்தார். நான் உட்காராமலே எல்லாவற்றையும் கொட்டினேன். அக்கா கேட்டது, நான் கை கொடுத்தது, அந்தப் பிள்ளை என் சேலையைப் பிடித்தது. "சட்டம் சொல்லிக்குடுத்தீங்களே ஐயா, இதை ஏன் சொல்லிக்குடுக்கல? கொப்பியில வெத்திலன்னு எழுதுனா நான் என்னான்னு கண்டேன்?"

அவர் எண்ணெய்ப் போத்தலை மூடிக் கீழே வைத்தார். பிறகு சொன்னார், "பயம் மகளே."

"என்னா பயம்?"

"தப்படிக்கிற எடத்துல நின்னேன்னு மிஷனுக்குத் தெரிஞ்சா என் வேல போயிரும்னு பயம். ஆரம்பத்துல ஒரு வீட்டுல பிள்ளை செத்துப்போச்சு. அந்தத் தாய் அழுதத பாத்து சட்டம் ஞாபகம் வரல, நின்னுட்டேன். அப்பறம் அதுவே பழக்கமாப் போச்சு. பிரசங்கத்துல ஒண்ணு சொன்னேன், கீழ் டிவிசன்ல ஒண்ணு செஞ்சேன். ஒங்க ரெண்டு பேருகிட்டயும் சொன்னத மட்டும் குடுத்தேன். செஞ்சத சொல்ல வெக்கமா இருந்துச்சு. வெத்திலன்னு எழுதி வச்சா நீ போவ, தப்புக்காரரு சொல்லிருவாருன்னு நெனைச்சேன்."

"நான் போகல ஐயா. அடிச்சுட்டேன் அந்த வரிய."

"பிழை என்னோடதுதான்" என்றார். அவர் கண் கலங்கிவிட்டது. சண்டைபோடப் போன நான் அவர் முழங்காலில் எண்ணெய் தேய்த்துவிட்டு, அவர் மகள் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன். அவர் மேல் கோபம் போய்விட்டது. என் மேல் இருந்தது மட்டும் போகவில்லை. பிழை அவருடையது என்று சொல்லிவிட்டாரே தவிர, அக்காவின் கைக்குள் இருந்தது என் கை.

பதினாறாம் நாள் கருமாதி. எங்கள் பக்கத்தில் அன்று காலை குழிமேட்டில் விளக்கு வைத்துவிட்டுத்தான் ஓடைக்கரைக்குப் போவார்கள். கூடவே தப்பும் போகும். அதற்கு முதல்நாள் பின்னேரம் நானும் தம்பியும் சந்தையில் ஒரு கட்டு வெற்றிலை வாங்கிக்கொண்டு தப்புக்காரர் வீட்டுக்குப் போனோம். அவர் வெளியே ஸ்டூல் போட்டார். "உள்ளுக்கு வரலாமாண்ணே?" என்று கேட்டுவிட்டு, உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்தோம். அவர் சம்சாரம் வெற்றிலையைக் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டார்.

"அடக்கம் முடிஞ்சு போச்சேண்ணே. இனிமே ஜெபம் பண்ணலாமா?" என்று கேட்டேன். வேதம் படித்த நான் தப்புக்காரரிடம் கேட்கிறேன்.

"அத நீங்கதான் சொல்லணும் தங்கச்சி. காய்ச்சுற நேரம் நாங்க குடுக்கிறது. அதுக்குள்ள என்னா செய்யிறதுன்னு ஒங்களுக்குத்தானே தெரியும்."

மறுநாள் காலையில் தூறல். ரப்பர் மரங்களுக்கு நடுவே குழிமேடு. அக்காவின் மாமியார் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது நியாயம்தான். அக்காவின் புருஷனிடம் போய், "அண்ணே, அன்னைக்கு நான் செஞ்சது பெரிய பிழை. மன்னிச்சுக்குங்க" என்றேன். அவர் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். தப்பு கொஞ்ச நேரம் அடித்தது. பிறகு மூத்தவர் கையைக் காட்டினார். எல்லாத் தப்பும் நின்றன. ஓலை பற்றிக்கொண்டது. அவர் தப்பைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

மூன்று தரம் செருமவெல்லாம் எனக்கு ஞாபகம் வரவில்லை. தம்பி பாட்டை எடுத்தார், நான் சேர்ந்துகொண்டேன். வேதத்தை வாசித்தேன். ஜெபம் பண்ண வாயைத் திறந்தேன். அக்காவின் பெயரைச் சொல்கிறேன், நிற்கிறேன், மறுபடியும் சொல்கிறேன். அந்தப் பிள்ளை என் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக இழுத்து இழுத்துப் போய்க்கொண்டிருந்தேன். மாமியாருக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னுமா காயல?" என்று அதட்டினார்.

"இன்னும் இல்லீங்கம்மா. ஈரக்காத்து" என்றார் தப்புக்காரர்.

நான் கண்ணைத் திறந்தேன். ஜெபத்தின் நடுவே கண்ணைத் திறக்கக்கூடாது என்று உபதேசியார் சொல்லிக்கொடுத்திருந்தார், அதையும் அன்று மீறினேன். தப்புக்காரர் தன் தப்பை நெருப்பிலிருந்து ஒரு முழம் தள்ளி, முதுகுக்குப் பின்னால் தூறலில் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் மகன் தெரியாமல் தன் தப்பை விரலால் சுண்டிவிட்டான். அது கணீரென்று பேசியது. அவர் உடனே கையை நீட்டி அந்தத் தோலை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு, என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"நீங்க பாட்டுக்குச் சொல்லுங்க தங்கச்சி. இன்னும் காயல."